ஏழு வயதுப் பையனுக்கு வீசிங், கூடவே நிலக்கடலை அலர்ஜி: வீட்டில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது?

கேள்வியின் சுருக்கம்: மகனுக்கு ஏழு வயது, எடை 20 கிலோ. மூன்று வயதிலிருந்தே சளி பிடித்தால் வீசிங் வந்துவிடும். போன மாதம் உறவினர் வீட்டில் கடலை மிட்டாய் தின்ற சிறிது நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் காணாக்கடி போலத் தடித்து, இருமலும் இழுப்பும் சேர்ந்துகொண்டது. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுச் சரியானது. அதிலிருந்து தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு, முட்டை, பொட்டுக்கடலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். இன்ஹேலர் பழகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதால் இழுப்பு வந்தால் மட்டும் கொடுக்கிறோம். ஐந்து மாதப் பெண் குழந்தையும் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

நீங்கள் நிறுத்திய சாப்பாட்டில் பெரும்பகுதி நிறுத்தத் தேவையில்லாதது. தினமும் கொடுக்க வேண்டிய இன்ஹேலரையோ நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கும் எனக்கு இது அடிக்கடி கண்ணில் படும் விஷயம்: தயிரும் பழமும் இல்லாமல் வாடிப்போன பிள்ளை, பையில் முக்கால்வாசி மீதமிருக்கும் இன்ஹேலர், வீட்டில் ராத்திரி முழுக்க எரியும் கொசுவர்த்தி. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பயந்துபோன எந்தத் தாயும் முதலில் கை வைப்பது சாப்பாட்டில்தான். ஆனால் உங்கள் மகனுக்கு வீசிங்கும் நிலக்கடலை அலர்ஜியும் சேர்ந்தே இருப்பதால் இந்த வரிசையை மாற்றியே ஆக வேண்டும்.

காரணம் இதுதான். உணவு அலர்ஜி உயிருக்கே ஆபத்தாக முடியும்போது, பெரும்பாலும் அது மூச்சுக்குழாயைத் தாக்கித்தான் முடிகிறது. ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாத பிள்ளைக்கு அலர்ஜி கடுமையாகப் போகும் வாய்ப்பு அதிகம். எவ்வளவு கவனமாக இருந்தாலும் என்றாவது ஒருநாள் தவறுதலாக ஒரு துண்டு கடலை வாய்க்குள் போய்விடலாம். அன்றைக்கு அவன் நுரையீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, அதற்கு முந்தைய சாதாரண நாட்களில் நீங்கள் கொடுத்த மருந்துதான் தீர்மானிக்கும்.

அதனால் இன்ஹேலரிலிருந்தே தொடங்குகிறேன். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய், இழுப்பு இல்லாத நாளிலும் உட்புறம் லேசாக வீங்கிச் சிவந்துதான் இருக்கும். சளியோ புகையோ பட்டவுடன் சுற்றியுள்ள தசை இறுகி, உள்ளே கோழையும் சேர்ந்து, இடம் குறுகிவிடுகிறது. சால்புட்டமால், லெவோசால்புட்டமால் (ஆஸ்தாலின், லெவோலின் என்ற பெயர்களில் கிடைப்பவை) இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அவை தொடுவதே இல்லை. வீக்கத்தைக் குறைப்பது புடெசொனைடு, புளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன் போன்ற தடுப்பு மருந்துகள். இவற்றின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், அதனால்தான் தினமும் போட வேண்டியிருக்கிறது. உலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றும் ஜினா வழிகாட்டுதல் 2019-லேயே, சால்புட்டமாலை மட்டும் நம்பிப் பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் வைத்தியம் செய்வதைக் கைவிடச் சொல்லிவிட்டது. உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளுக்கும் தடுப்பு மருந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பதே இப்போதைய நடைமுறை.

உங்கள் வீட்டில் இருப்பது இரண்டில் எது என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். டப்பாவில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். இழுப்புக்கான மருந்து மட்டும்தான் இருக்கிறது என்றால், தடுப்பு மருந்து வேண்டுமா என்று இந்த வாரமே மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டும் இருந்தால், தடுப்பு மருந்தை எழுதிக் கொடுத்த அளவில் காலை, மாலை என்று தவறாமல் கொடுங்கள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் இழுப்பு மருந்து தேவைப்படுவது, ராத்திரி இருமலில் எழுவது, ஓடி விளையாட முடியாமல் உட்கார்ந்துவிடுவது, இவற்றில் ஏதாவது இருந்தால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள்.

பழகிவிடும் என்ற பயத்துக்கு வருகிறேன். தடுப்பு இன்ஹேலர் போதைப்பொருள் போலப் பழகுவதில்லை. ஸ்டீராய்டுதானே என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அளவைப் பாருங்கள். குறைந்த அளவு புடெசொனைடு என்றால் ஒரு நாளுக்கு 100 முதல் 200 மைக்ரோகிராம். இழுப்பு முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனால் கொடுக்கும் பிரட்னிசோலோன் மாத்திரை மில்லிகிராம் கணக்கு. ஒரே ஒரு 5 மில்லிகிராம் மாத்திரையே 5,000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்துதான், ஆனாலும் உடம்பு முழுக்கப் போகும் ஸ்டீராய்டு எதில் அதிகம் என்பது இதிலிருந்தே புரியும். உயரம் குறையுமா என்று கேட்பார்கள். வருடக்கணக்கில் போட்ட பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து பார்த்த ஆய்வில் சுமார் 1 செ.மீ. குறைவு தெரிந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. அடிக்கடி மூச்சு வாங்கித் தூக்கமும் பள்ளியும் கெடுவதோடு ஒப்பிட்டால் அந்த ஒரு சென்டிமீட்டருக்காக மருந்தை நிறுத்துவது சரியான கணக்கு இல்லை.

சரி, மருந்து வாங்கியாயிற்று. அது நுரையீரலுக்குள் போகிறதா? எங்களிடம் வரும் பிள்ளைகளில் பலருக்கு மருந்து சரியாகவே இருக்கும், போடும் விதம்தான் தவறு. ஏழு வயதில் இன்ஹேலரை நேராக வாயில் வைத்து அழுத்தினால் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் பிளாஸ்டிக் குழாயான ஸ்பேசர் கட்டாயம் வேண்டும். இந்த வயதில் முகமூடி தேவையில்லை, வாயில் கவ்வும் முனை போதும். பையன் நிமிர்ந்து உட்காரட்டும் அல்லது நிற்கட்டும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்துங்கள். உதடு முனையைச் சுற்றி இடைவெளி இல்லாமல் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு முறை அழுத்துங்கள். மெதுவாக, ஆழமாக இழுத்துப் பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கச் சொல்லுங்கள். அடக்க முடியாவிட்டால் ஸ்பேசருக்குள்ளேயே ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சு விடட்டும். வேகமாக இழுத்தால் சில ஸ்பேசர்களில் விசில் சத்தம் வரும். அது நிதானமாக இழுக்கச் சொல்லும் எச்சரிக்கை. இரண்டாவது பஃப் வேண்டுமென்றால் மறுபடி குலுக்கி, மறுபடி தனியாக. இரண்டையும் சேர்த்து அடித்தால் மருந்து வீணாகும்.

தடுப்பு மருந்து போட்டபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் படலமும் குரல் கம்மலும் வரலாம். பல் துலக்குவதற்கு முன்னால் இன்ஹேலர் என்று வழக்கமாக்கிவிட்டால் மறதியும் இருக்காது, கொப்பளிப்பதும் தானாக நடந்துவிடும். ஸ்பேசரை வாரம் ஒருமுறை கழற்றிப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்துத் துகள் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். இன்ஹேலர் தீர்ந்துவிட்டதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு, அது நம்பகமானதில்லை. பெரும்பாலானவற்றில் 200 பஃப் இருக்கும், எண் காட்டும் வகையாக இல்லாவிட்டால் தொடங்கிய தேதியை மார்க்கரில் எழுதிக் கணக்கு வையுங்கள்.

ஸ்பேசர் வாங்க முடியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1999-ல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் நடந்த ஆய்வில், அடியில் இன்ஹேலர் நுழையும் அளவுக்குத் துளை போட்ட 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டில், இழுப்பு வந்த பிள்ளைகளுக்குக் கடையில் விற்கும் ஸ்பேசர் அளவுக்கே உதவியது. துளையைச் சுற்றிக் காற்றுப் போகாமல் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். நெபுலைசர் மெஷின் இல்லையே என்று வருந்தவும் வேண்டாம். லேசான, நடுத்தர இழுப்புக்கு ஸ்பேசரோடு இன்ஹேலர் கொடுப்பது நெபுலைசருக்குச் சமமாகவே வேலை செய்கிறது, கரண்ட் போனாலும் கவலை இல்லை.

வீட்டுக்குள் இருக்கும் காரணங்களில் முதலில் கொசுவர்த்தியை நிறுத்துங்கள். 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்து காட்டியது. மூடிய அறையில், தரையில் படுத்திருக்கும் பிள்ளையின் தலைமாட்டில் அது எரிகிறது. டெங்கு பயம் உண்மையானதுதான், அதனால் கொசுவைச் சும்மா விடச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வலை அடியுங்கள், கட்டிலுக்குக் கொசுவலை கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம் எல்லாம் வீட்டு வழக்கம் என்று தெரியும்; பூஜைக்கு விளக்கு மட்டும் போதும் என்று மாமியாரிடம் பேசிப் பாருங்கள். குளித்துவிட்டு வரும் கைக்குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் இந்த வீட்டில் விட்டுவிடுவது நல்லது. பீடி, சிகரெட் பிடிப்பவர் வெளியே போய்ப் பிடித்தாலும் சட்டையில் ஒட்டிக்கொண்டு உள்ளே வருகிறது.

மிளகாய் வறுக்கும்போதும் தாளிக்கும்போதும் பையன் அடுப்படிப் பக்கம் இருக்க வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேனைச் சமையல் தொடங்கும்போதே போட்டுவிடுங்கள். ஒட்டடை அடிப்பதும் மெத்தை உதறுவதும் அவன் பள்ளிக்குப் போன நேரத்தில். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். தூசியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத மைட் பூச்சிக்குப் பழைய இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் நல்ல வீடு. உறை, போர்வையை வாரம் ஒருமுறை நல்ல சூட்டு நீரில், 60 டிகிரி அளவில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். இதை மட்டும் செய்தால் வீசிங் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், மருந்தோடு சேர்ந்தால்தான் பலன். கரப்பான்பூச்சியின் எச்சமும் பெரிய காரணம். அதற்கு ஸ்பிரே அடித்தால் அந்த நெடியே இழுப்பைக் கிளப்பும்; ஜெல் மருந்தைப் பிள்ளைகள் கைபடாத மூலையில் வைத்து, ராத்திரி எச்சில் பாத்திரம் தொட்டியில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். போகி அன்று விடியற்காலையிலும் தீபாவளி இரவிலும் ஜன்னலைச் சாத்தி உள்ளேயே வைத்திருங்கள்.

இருமல் வந்தால் கொதிக்கும் தண்ணீரில் ஆவி பிடிக்க வைப்பதைத் தயவுசெய்து விடுங்கள். ஆஸ்துமாவுக்கு அதனால் பலன் இல்லை, கொட்டிக்கொண்டு வெந்துபோன தொடையோடு வரும் பிள்ளைகளைப் பார்ப்பது கொடுமை. கற்பூரம் கலந்த தைலம் கைக்குழந்தை பக்கமே போகக் கூடாது, வலிப்பு வரலாம்.

இனி சாப்பாடு. உணவு மட்டுமே காரணமாகி ஆஸ்துமா வருவது அபூர்வம். குழந்தைகளுக்கு வீசிங்கைக் கிளப்புவதில் சளிக்காய்ச்சல் வைரஸ்தான் முதலிடம். தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு ஆகியவை குளிர்ச்சி, சளி கட்டும் என்பது நம் பாட்டிமார் சொல்வது. அவர்கள் அக்கறையில் சொல்வதுதான், ஆனால் அவற்றைத் தின்றதால் மூச்சுக்குழாய் சுருங்குவதற்கு ஆதாரம் இல்லை. அவன் முன்பு தின்றபோது ஒன்றும் ஆகவில்லை என்றால் தாராளமாகத் திரும்பக் கொடுங்கள். முட்டைக்கும் அதே விதி. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: அலர்ஜி உடம்புள்ள பிள்ளைகளுக்கு, ஒத்துக்கொண்டிருந்த உணவை நீண்ட காலம் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது அதுவே ஒவ்வாமல் போவதுண்டு. அதனால் காரணமில்லாமல் எதையும் நிறுத்துவது ஆபத்தில்லாத காரியம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்துமாவைத் தூண்டக்கூடிய உணவுச் சேர்க்கை ஒன்று உண்டு, அது சல்பைட். சில பிள்ளைகளுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாது. பொன்னிறமாகப் பளபளக்கும் உலர்திராட்சை, உலர்ந்த ஆப்ரிகாட் போன்றவற்றில் இருக்கும். பாக்கெட்டில் 220 முதல் 228 வரையிலான எண்கள் அதைக் குறிக்கும். தின்ற உடனே இருமுகிறானா என்று கவனித்தால் போதும்.

பொட்டுக்கடலை கொண்டைக்கடலையிலிருந்து வருவது, நிலக்கடலை வேறு பயிர். இரண்டும் பருப்புக் குடும்பம்தான் என்றாலும், நிலக்கடலை அலர்ஜி உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு மற்றப் பருப்புகளால் தொந்தரவு வருவதில்லை. முன்பு பொட்டுக்கடலைச் சட்னி சாப்பிட்டு நன்றாக இருந்தான் என்றால் கொடுக்கலாம். மளிகைக் கடையில் இரண்டு மூட்டைக்கும் ஒரே அளவைக் கரண்டி போடுகிறார்களா என்று மட்டும் பாருங்கள், பாக்கெட்டில் அடைத்ததை வாங்குவது நல்லது. வெளியில் சாப்பிடும்போது வெறுமனே கடலை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். நிலக்கடலை, வேர்க்கடலை என்று இரண்டு பெயரையும் சொல்லிக் கேளுங்கள். பரிமாறுபவர் கொண்டைக்கடலையை நினைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லிவிடக் கூடும்.

நம் சமையலில் நிலக்கடலை ஒளிந்திருக்கும் இடங்கள் நிறைய. ஓட்டல் தேங்காய்ச் சட்னி கெட்டியாக இருக்க அரைத்துச் சேர்க்கிறார்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம், மிக்சர், சில கடைகளின் குருமா, கோயில் பிரசாதம், கல்யாண வீட்டுப் பொரியல். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் கண்ணுக்குத் தெரியும், அதனால் பயமில்லை. தெரியாமல் கலந்திருப்பதுதான் பயம். ஸ்வீட் கடையில் மிக்சரும் காராபூந்தியும் ஒரே எண்ணெயில் பொரிந்து, ஒரே கரண்டியில் அள்ளப்படுகின்றன. இந்தப் பையனுக்குக் கடைக்காரம் வேண்டாம், வீட்டிலேயே செய்து கொடுங்கள். நன்கு சுத்திகரித்த ரீஃபைண்ட் கடலை எண்ணெயில் அலர்ஜி தரும் புரதம் அநேகமாக இருக்காது, செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் இருக்கும். எதற்கு வம்பு, சூரியகாந்தி எண்ணெய்க்கோ தேங்காய் எண்ணெய்க்கோ மாறிவிடுங்கள்.

வீட்டில் நிலக்கடலையை அறவே ஒழிப்பது சின்ன வயதில் சுலபமான வழி. மற்றவர்கள் தின்பார்கள் என்றால் மிக்சி ஜார் தனியாக இருக்க வேண்டும். பிளேடுக்கு அடியிலும் ரப்பர் வளையத்திலும் அரைத்த கடலை ஒட்டிக்கொண்டிருக்கும், வெறும் தண்ணீர் விட்டுச் சுற்றினால் போகாது. கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சானிட்டைசர் கிருமிக்குத்தான், கடலைப் புரதத்தை அது அகற்றுவதில்லை.

பாக்கெட் உணவில், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிப்படி நிலக்கடலை, மரக்கொட்டைகள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகைகள், சோயா, குளூட்டன் தானியங்கள், சல்பைட் ஆகியவற்றைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இல்லை, எள் அலர்ஜி உள்ள வீட்டில் இதை நினைவில் வையுங்கள். ஏற்கெனவே வாங்கிப் பழகிய பிஸ்கட்டாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் படியுங்கள், செய்முறை மாறியிருக்கலாம்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். அப்படி ஒரு சிகிச்சை இருக்கிறது, ஆனால் மில்லிகிராம் அளவில், நிபுணர் கண்காணிப்பில் செய்வது. ஆஸ்துமா கட்டுப்படாத பிள்ளைக்கு அதை அவர்களே தொடங்க மாட்டார்கள். நிலக்கடலை அலர்ஜி சுமார் ஐந்தில் ஒரு பிள்ளைக்கு வளர வளரப் போய்விடும். போய்விட்டதா என்று ஆஸ்பத்திரியில்தான் தின்ன வைத்துப் பார்க்க வேண்டும்.

பரிசோதனை பற்றி: நூறு உணவுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விற்கும் பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள். ரத்தத்தில் ஐஜிஇ (அலர்ஜியில் பங்குள்ள எதிர்ப்புப் புரதம்) அளவு ஏறியிருப்பது உடம்பு அந்த உணவை அடையாளம் கண்டிருக்கிறது என்று மட்டுமே காட்டும், தின்றால் ஒத்துக்கொள்ளாது என்று நிரூபிக்காது. அப்படி வந்த பட்டியலைப் பார்த்துப் பத்து உணவை நிறுத்தி, எடை குறைந்துபோன பிள்ளைகள் உண்டு. ஐஜிஜி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை இதற்கு உதவவே உதவாது. நடந்த சம்பவத்தைக் கேட்டு, சந்தேகப்படும் உணவுக்கு மட்டும் தோலிலோ ரத்தத்திலோ பார்க்கும் அலர்ஜி நிபுணரைத் தேடுங்கள்.

அடுத்தது, நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. அன்று கிளினிக்கில் என்ன ஊசி போட்டார்கள் என்று சீட்டில் பாருங்கள். அவில் (அரிப்பு மருந்து), டெக்சோனா (ஸ்டீராய்டு) என்று மட்டும் இருந்தால், அதிர்ஷ்டத்தால் தப்பினான் என்றே சொல்வேன். தோலில் தடிப்பும் கூடவே மூச்சுக் கஷ்டமும் வந்தால் அது அனாஃபிலாக்சிஸ். அதற்கு முதல் மருந்து அட்ரினலின் மட்டும்தான். அவில், செட்ரிசின் அரிப்பைக் குறைக்கும், அடைக்கும் தொண்டையைத் திறக்காது. டெக்சோனா வேலை செய்ய மணிக்கணக்காகும்.

தொடையில் வைத்து அழுத்தினால் மருந்து இறங்கும் பேனா வகை அட்ரினலின் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. ஆம்பூலாக (உடைத்து எடுக்கும் சிறு கண்ணாடிக் குப்பி) கிடைக்கிறது, 1 மி.லி.யில் 1 மில்லிகிராம். அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், உங்கள் மகனுக்கு 0.2 மி.லி. வரும். இதை உங்கள் மருத்துவர் காகிதத்தில் எழுதித் தர வேண்டும், எடை கூடும்போது திருத்த வேண்டும். 1 மி.லி. சிரிஞ்ச், தசை வரை போகும் நீளமுள்ள ஊசி, எல்லாம் ஒரு சிறிய பெட்டியில். இன்சுலின் சிரிஞ்ச் வேண்டாம்: அதன் கோடுகள் யூனிட் கணக்கு, ஊசியும் குட்டை. உடைப்பது, இழுப்பது, தொடையின் வெளிப்பக்க நடுவில் நேராகக் குத்துவது, மூன்றையும் நீங்களும் உங்கள் கணவரும் மாமியாரும் உப்புத் தண்ணீர் ஆம்பூலை வைத்துச் செவிலியர் முன்னால் பழகிப் பாருங்கள். கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். அட்ரினலினுக்கு வெளிச்சமும் சூடும் ஆகாது. வண்டியின் டிக்கியில் வைக்காதீர்கள், தேதி முடியுமுன் மாற்றுங்கள்.

எப்போது குத்துவது? கடலை தின்றபின், அல்லது தின்றிருக்கலாம் என்ற நிலையில், மூச்சு வாங்குவது, குரல் கம்முவது, தொண்டை அடைப்பது, நாக்கு வீங்குவது, மயங்கித் துவளுவது, தடிப்போடு தொடர்ந்து வாந்தி எடுப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலே போடுங்கள். வீசிங் பிள்ளைகள் விஷயத்தில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: இது ஆஸ்துமாவா, அலர்ஜியா? சந்தேகம் வந்தால் அட்ரினலின் முதலில், இன்ஹேலர் அதற்குப் பிறகு. ஆஸ்துமாவாகவே இருந்துவிட்டாலும் அந்த ஊசியால் பெரிய கெடுதல் வராது, சிறிது நேரம் படபடப்பும் நடுக்கமும் இருக்கும். இன்ஹேலரை மட்டும் அடித்துக்கொண்டு காத்திருப்பதில்தான் உயிர் போகும் ஆபத்து இருக்கிறது. குத்தியதும் 108-க்கு அழையுங்கள். காலைச் சற்று உயர்த்திப் படுக்க வையுங்கள், மூச்சுத் திணறினால் உட்காரலாம், நடக்க மட்டும் விடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் மாற்றமில்லை என்றால் இரண்டாவது ஊசி, அதனால் பெட்டியில் எப்போதும் இரண்டு ஆம்பூல். சரியாகிவிட்டது என்று வீடு திரும்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம், ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

உணவுத் தொடர்பே இல்லாத சாதாரண இழுப்புக்கு: நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பேசரில் இழுப்பு மருந்து ஒவ்வொரு பஃப்பாக நான்கு, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு. நான்கு நிமிடம் பாருங்கள், குறையாவிட்டால் இன்னொரு நான்கு. உங்கள் மருத்துவர் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், அல்லது மூன்று நான்கு மணி நேரத்துக்குள் திரும்பத் தேவைப்பட்டால், ஆஸ்பத்திரி. ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாதது, விலா எலும்புக்கிடையே தோல் உள்ளே இழுப்பது, உதடு நீலம் பாய்வது, விரலில் மாட்டும் மீட்டரில் ஆக்சிஜன் 92-க்குக் கீழே போவது, இவை தெரிந்தால் காத்திருக்காமல் உடனே 108. சத்தமாக இழுத்துக்கொண்டிருந்தவன் சத்தமே இல்லாமல் சோர்ந்துபோனால் தணிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், காற்றுப் போவதே குறைந்துவிட்டது என்று அர்த்தம். வண்டியில் போகும் வழியிலும் இன்ஹேலரைத் தொடருங்கள்.

பள்ளிக்கு இந்த இரண்டு திட்டத்தையும் தமிழில் ஒரே பக்கத்தில், போட்டோ ஒட்டிக் கொடுங்கள். பிறந்தநாளுக்கு வகுப்பில் சாக்லேட் கொடுக்கும் வழக்கம்தான் அங்கே பெரிய கண்ணி. அவனுக்கு ஆகும் மிட்டாயை ஒரு டப்பாவில் போட்டு டீச்சரிடம் வைத்துவிட்டால், அன்று அவனும் வெறுங்கையோடு திரும்ப மாட்டான். விளையாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஓடினால் இழுப்பு வரும் என்றால் பதினைந்து நிமிடம் முன்னால் இழுப்பு மருந்து இன்ஹேலர் போட்டுக்கொண்டு ஓடட்டும்.

வீசிங்குக்கு வாய்வழியாகக் கொடுக்கும் மான்டெலுகாஸ்ட் என்ற மருந்து கலந்த சிரப் கொடுத்துக்கொண்டிருந்தால், கெட்ட கனவு, எரிச்சல், திடீர்க் கோபம் வருகிறதா என்று பாருங்கள். அமெரிக்க மருந்து ஆணையம் 2020-ல் இதற்காகவே கடுமையான எச்சரிக்கை சேர்த்தது. தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்றுங்கள். வருடா வருடம் ஃப்ளூ ஊசி போடுங்கள், முட்டை அலர்ஜி உள்ள பிள்ளைகளும் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாகச் சின்னவள். அண்ணனுக்கு ஆகவில்லை என்பதால் அவளுக்கும் நிலக்கடலை வேண்டாம் என்று நினைத்திருப்பீர்கள். 2015-ல் லண்டனிலிருந்து வெளியான லீப் ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. கடுமையான எக்சிமாவோ (தோல் வறண்டு அரிக்கும் நோய்) முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பிரிவுக்கு முதல் வயதிலிருந்தே நிலக்கடலை கொடுத்தார்கள், இன்னொரு பிரிவுக்குக் கொடுக்கவில்லை. ஐந்து வயதில் பார்த்தபோது, தின்று வளர்ந்த பிரிவில் கடலை அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைவு. நீங்கள் பால் கொடுக்கும் காலத்தில் நிலக்கடலையைத் தவிர்க்க வேண்டியதும் இல்லை. ஆறு மாதம் ஆனதும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், தோலில் கரப்பான் போல எக்சிமா இருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள், முதலில் பரிசோதிக்க வேண்டியிருக்கலாம். அவர் சரி என்றால், வறுத்துத் தோல் நீக்கி மாவாக அரைத்ததில் கால் ஸ்பூனைக் கூழில் கரைத்துத் தொடங்கி, ஒத்துக்கொண்டால் வாரம் இரண்டு மூன்று முறை விடாமல் தொடருங்கள். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும், ஐந்து வயதுவரை கூடாது. ஊட்டுவது அண்ணன் பள்ளிக்குப் போனபின் இருக்கட்டும். அவளுக்கென்று தனிக் கிண்ணம், தனி ஸ்பூன். ஊட்டி முடித்ததும் அவள் முகம், கை, உங்கள் கை, உட்கார்ந்த இடம் எல்லாவற்றையும் சோப்பால் கழுவித் துடைத்துவிட்டால், சாயங்காலம் அவன் வந்து தங்கையைக் கொஞ்சுவதில் ஒரு தடையும் இல்லை.